ஆம்ப் வாங்கக் கிளம்பும் முன்

கிட்டார் கையில் கொஞ்சம் படிந்ததும் பிள்ளைகள் என்னிடம் வந்து கேட்பது ஒரே கேள்விதான்: "சார், லெட் செப்பலின் மாதிரி சத்தம் வரணும். எந்த ஆம்ப் வாங்கலாம்?" சிலர் செப்பலினுக்குப் பதில் ஏசி/டிசி என்பார்கள், சிலர் டீப் பர்ப்பிள் என்பார்கள். பதிலுக்கு நான் கேட்பதும் ஒரே கேள்விதான்: "எங்கே உட்கார்ந்து வாசிக்கப் போறே?" பாதிப் பேருக்கு இது பிடிப்பதில்லை. மாடல் பேரைச் சொல்லாமல் கிழவன் சுற்றி வளைக்கிறான் என்று நினைக்கிறார்கள். நினைக்கட்டும். அறுபது, எழுபதுகளின் ராக் கிட்டார் என்று நம் காதில் தங்கியிருப்பது, தாங்கும் அளவைத் தாண்டி முடுக்கிவிடப்பட்ட ஆம்ப்பின் சத்தம். நீ வாசிக்கிற இடத்தில் எந்த ஆம்ப்பை அப்படி முடுக்க முடியுமோ அதுதான் உனக்கு ஆம்ப். கீழே நான் சொல்வதெல்லாம் இதைச் சுற்றித்தான்.

1. அறையைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போ.

மேடையில் மார்ஷல் பெட்டிகளைச் சுவராக அடுக்கி வைத்த படங்களைப் பார்த்துத்தான் எல்லாருக்கும் ஆசை பிறக்கிறது. அந்தச் சுவர் ஏன் வந்தது என்று கேட்டுக்கொள். 1965 வாக்கில் இங்கிலாந்து மேடைகளில் மைக்கும் ஒலிபெருக்கியும் பாடுகிறவருக்கு மட்டும்தான். கிட்டார்காரர் தன் ஆம்ப்பை வைத்தே மண்டபத்தின் கடைசி வரிசை வரை கேட்கச் செய்தாக வேண்டும். எதிரே கூட்டம் வேறு கத்திக்கொண்டிருக்கும். 'தி ஹூ' குழுவின் பீட் டவுன்ஷெண்ட், இன்னும் பெரிய சத்தம் வேண்டும் என்று ஜிம் மார்ஷலிடம் போய் நின்றார். 100 வாட்ஸ் ஆம்ப் அப்படி வந்தது. அத்தோடு விடாமல், 12 அங்குல ஸ்பீக்கர்கள் எட்டை ஒரே பெட்டியில் அடைத்துத் தரச் சொன்னார். தூக்கி இறக்குகிற ஆட்கள் முதுகு ஒடிகிறது என்று முறையிட்டதும் பெட்டி இரண்டானது. நாலு ஸ்பீக்கர் பெட்டி இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, உச்சியில் ஆம்ப்பை ஏற்றினார்கள். இன்று நாம் 'ஸ்டாக்' என்று வாய் பிளந்து பார்ப்பது அதைத்தான்.

அந்தத் தேவை இப்போது இல்லை. சின்ன ஆம்ப்பின் முன்னால் ஒரு எஸ்எம்57 மைக்கை நிறுத்தினால் போதும், மைதானத்துக்கே கேட்க வைப்பது சவுண்ட் இன்ஜினியர் பாடு. அடுக்குமாடி வீட்டில் 100 வாட்ஸ் மார்ஷலை வைத்திருப்பது யானையைக் கட்டித் தீனி போடுகிற கதைதான். வால்யூம் குமிழ் ஒன்றைத் தாண்டக் கதவு தட்டப்படும். ஒன்றில் வைத்தாலோ அது மெலிந்து, உயிரில்லாமல் முனகும்.

என் கணக்கு இது. படுக்கையறையில் தனியாகப் பழகுவதென்றால் 1 முதல் 5 வாட்ஸ் வால்வு ஆம்ப், அல்லது ஆறாவதாகச் சொல்லப்போகிற மாடலிங் வகை. டிரம்ஸ்காரரோடு ஒரே அறையில் ஒத்திகை என்றால் 15 முதல் 20 வாட்ஸ் வால்வு ஆம்ப். டிரம்ஸோடு போட்டி போட்டும் கரகரப்பே இல்லாத சுத்தமான சத்தம் வேண்டும் என்றால்தான் 30க்கு மேல் யோசி.

2. வாட்ஸ் எண்ணைக் கண்டு மயங்காதே.

50 வாட்ஸை விட 100 வாட்ஸ் இரண்டு மடங்கு சத்தம் என்று கடைக்காரரே சொல்வார். இல்லை. மின்திறன் இரட்டித்தால் சத்தம் கூடுவது 3 டெசிபல்தான். காது "ஆமா, கொஞ்சம் கூடியிருக்கு" என்று உணர்கிற அளவு. காதுக்கு இரண்டு மடங்காகப் பட வேண்டுமானால் திறன் ஏறத்தாழ பத்து மடங்காக வேண்டும். அதாவது 100 வாட்ஸின் பாதிச் சத்தத்தைத் தருவது 50 வாட்ஸ் அல்ல, 10 வாட்ஸ். 5 வாட்ஸ் வால்வு ஆம்ப்பை முழுசாகத் திறந்தால் தெருமுனை வரை கேட்கும். நம்பாதவர்கள் கடையில் திறந்து பார்க்கட்டும்.

பெரிய இசைத்தட்டுகள் பலவற்றில் கேட்பது சின்னப் பெட்டிகளின் குரல். லெட் செப்பலின் முதல் தட்டுக்காக 1968இல் லண்டன் ஒலிம்பிக் ஸ்டுடியோவில் ஜிம்மி பேஜ் வைத்து வாசித்தது டெலிகாஸ்டர் கிட்டாரும் சுப்ரோ என்ற மலிவான சிற்றாம்ப்பும். 'லேலா' தட்டுக்கு 1970இல் மயாமியில் எரிக் கிளாப்டன் பயன்படுத்தியது ஃபெண்டர் சாம்ப்: 5 வாட்ஸ், 8 அங்குல ஸ்பீக்கர் ஒன்று. கையில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடலாம். மைக் பக்கத்தில் இருந்தால் பெட்டி பெரிதா சின்னதா என்று கேட்பவனுக்குத் தெரியாது.

3. கரகரப்பு எந்த இடத்தில் பிறக்கிறது என்று தெரிந்துகொள்.

இதைப் புரிந்துகொண்டால் பாதி பணம் மிச்சம். கிட்டார் பிக்கப்பிலிருந்து வருவது மில்லிவோல்ட் கணக்கில் மிகச் சிறிய மின்னலை. ஆம்ப்பில் முதலில் ப்ரீஆம்ப் பகுதி அதைப் பெரிதாக்குகிறது. அங்கே இருப்பவை 12ஏஎக்ஸ்7 என்ற சின்ன வால்வுகள். பிறகு பவர் ஆம்ப் பகுதி ஸ்பீக்கரை அசைக்கும் அளவுக்கு வலுவேற்றுகிறது. அங்கே இஎல்34, இஎல்84, 6எல்6, 6வி6 என்ற பெரிய வால்வுகள். ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டித் தள்ளினால் அலையின் உச்சியும் அடியும் தட்டையாகி, மூலத்தில் இல்லாத மேல்சுரங்கள் முளைக்கின்றன. அதுதான் டிஸ்டார்ஷன். வால்வில் இது படிப்படியாக நடக்கும். மெல்ல மீட்டினால் சுத்தம், அழுத்தி மீட்டினால் உறுமல். விரலின் பலத்தை ஆம்ப் கேட்டுக்கொள்கிறது என்று வாசிக்கிறவர்கள் சொல்வது இதைத்தான்.

அறுபதுகளின் ஆம்ப்புகளில் வால்யூம் குமிழ் ஒன்றுதான். கரகரப்பு வேண்டுமென்றால் அதை ஏற்ற வேண்டும். ஏற்றினால் பவர் வால்வு, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர், ஸ்பீக்கர் எல்லாமே சேர்ந்து திணறும். அந்தக் கூட்டுத் திணறலே அந்தக் காலத்துச் சத்தம். 1966இல் ஜான் மாயாலின் 'ப்ளூஸ் பிரேக்கர்ஸ்' தட்டுக்காக டெக்கா ஸ்டுடியோவுக்கு வந்த கிளாப்டன், மார்ஷல் காம்போவை (ஆம்ப்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில்) மேடையில் வைக்கிற அதே அளவுக்குத் திறந்து வைத்துத்தான் வாசிப்பேன் என்று பிடிவாதம் பிடித்தார். ஒலிப்பதிவு அறைக்கு அதெல்லாம் அப்போது பழக்கமில்லாத சங்கதி. லெஸ் பால் கிட்டாரும் முடுக்கிய மார்ஷலும் சேர்ந்தால் என்ன வரும் என்று உலகம் கேட்டது அந்தத் தட்டில்தான். அதற்கும் இரண்டு வருஷம் முன்பே 'தி கிங்க்ஸ்' குழுவின் டேவ் டேவிஸ் ஓர் எல்பிகோ சிற்றாம்ப்பின் ஸ்பீக்கர் காகிதத்தை பிளேடால் கிழித்து, அதன் அலறலை இன்னொரு ஆம்ப்புக்குள் விட்டார். வீட்டில் செய்து பார்க்காதே. இன்றைக்கு ஸ்பீக்கர் விலை வேறு.

1975இல் மார்ஷல் 2203 மாடலில் மாஸ்டர் வால்யூம் வந்தது. ப்ரீஆம்ப்பைத் தனியே முடுக்கி, கடைசிச் சத்தத்தை வேறு குமிழால் அடக்கலாம். 1981இல் வந்த ஜேசிஎம்800 வரிசை இந்த வழியைப் பிரபலமாக்கியது. சத்தம் குறைவு, கரகரப்பு அதிகம். ஆனால் அது ப்ரீஆம்ப் கரகரப்பு. கொஞ்சம் இறுக்கமாக, கூராக இருக்கும். உனக்குப் பிடித்தது எண்பதுகளின் சத்தம் என்றால் மாஸ்டர் வால்யூம் உள்ள எந்த நல்ல ஆம்ப்பும் வீட்டிலேயே வேலையை முடித்துவிடும். 1966 முதல் 1973 வரையிலான சத்தம்தான் வேண்டும் என்றால் பவர் வால்வுகளும் உழைத்தாக வேண்டும். அதற்கு வாட்ஸைக் குறைக்கிற ஸ்விட்ச் உள்ள ஆம்ப் தேடு. மார்ஷல் ஆரிஜின் 20இல் 20, 3, அரை வாட்ஸ் என்று மூன்று நிலை இருக்கிறது. இல்லையென்றால் ஆம்ப்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே அட்டென்யுவேட்டர் போடலாம். 'பாஸ்டன்' குழுவின் டாம் ஷோல்ஸ், அடிப்படையில் எம்ஐடியில் படித்த இன்ஜினியர், 'பவர் சோக்' என்ற பெயரில் இப்படி ஒன்றைச் செய்தே விற்றார்.

4. அமெரிக்கக் குரலா, ஆங்கிலக் குரலா என்று தீர்மானி.

கடையில் நூறு ஆம்ப் இருந்தாலும் வேர் மூன்றுதான்: ஃபெண்டர், வாக்ஸ், மார்ஷல்.

கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் லியோ ஃபெண்டர் ஐம்பதுகளில் பாஸ் கிட்டாருக்கென்று செய்த ஆம்ப் பாஸ்மேன். 10 அங்குல ஸ்பீக்கர் நாலு, பின்பக்கம் திறந்த பெட்டி. பாஸ்காரர்களை விட கிட்டார்காரர்களே அதன்மேல் அதிகம் ஆசைப்பட்டார்கள். இங்கிலாந்துக்கு இறக்குமதி செய்தால் விலை எட்டாது. மேற்கு லண்டன் ஹான்வெல்லில் 1960இல் இசைக்கருவிக் கடை போட்டிருந்த ஜிம் மார்ஷல், கடைக்கு வரும் கிட்டார்காரர்கள் இதே குறையைச் சொல்வதைக் கேட்டார். அவர் கிட்டார்காரரே அல்ல. டிரம்ஸ் வாசிப்பவர், டிரம்ஸ் வாத்தியார். தன் பழுது பார்க்கும் ஆள் கென் பிரானையும், டட்லி கிரேவன் என்ற இளைஞரையும் உட்கார வைத்து ஒரு பாஸ்மேனைப் பிரித்துப் படித்து நகலெடுக்கச் சொன்னார். ஜேடிஎம்45 வந்தது. ஜிம், அவர் மகன் டெர்ரி, மார்ஷல்: அந்த மூன்று எழுத்து அவ்வளவுதான்.

சர்க்யூட் கிட்டத்தட்ட அச்சு. ஆனால் முதல் வால்வு இடத்தில் ஃபெண்டரில் இருந்ததை விட அதிகம் பெருக்குகிற 12ஏஎக்ஸ்7 போனது. ஸ்பீக்கர் இங்கிலாந்தின் செலஸ்டியன் 12 அங்குலம், பெட்டியின் முதுகை மூடிவிட்டார்கள். சில ஆண்டுகளில் பவர் வால்வும் இஎல்34க்கு மாறியது. எல்லாம் கையில் கிடைத்ததை வைத்துச் செய்த மாற்றங்கள். விளைவு: ஃபெண்டரை விட சீக்கிரம் கரகரக்கும், நடு ஒலி முன்னால் வந்து நிற்கும், தாழ்சுரம் நெஞ்சில் இடிக்கும். கிரீம், ஹெண்ட்ரிக்ஸ், ஏசி/டிசி, ஃப்ரீ எல்லாம் இந்த வீட்டுப் பிள்ளைகள். ஹெண்ட்ரிக்ஸை ஜிம் மார்ஷலிடம் அழைத்துப் போனது அவரது டிரம்ஸ்காரர் மிட்ச் மிட்செல். மிட்செலோ ஜிம்மின் பழைய மாணவர்.

வாக்ஸ் வேறு ரகம். டார்ட்ஃபோர்டில் டாம் ஜென்னிங்ஸின் நிறுவனத்துக்காக டிக் டென்னி வடிவமைத்தது. ஏசி15 போதவில்லை என்று 'தி ஷேடோஸ்' குழு கேட்க, அதை இரட்டித்து ஏசி30 ஆக்கினார்கள். இஎல்84 வால்வு நாலு. அந்த வால்வு அக்கால ரேடியோப் பெட்டிகளிலும் வேலை பார்த்தது. வாக்ஸின் சத்தம் மணி அடித்த மாதிரி மேலே மின்னும். முடுக்கினால் மார்ஷல் மாதிரி குத்தாது, நெருக்கமாகக் கரகரக்கும். பீட்டில்ஸ் இதைத்தான் வைத்துக்கொண்டார்கள். குயீனின் பிரையன் மே ஏசி30ஐ முழுசாகத் திறந்து, முன்னால் ட்ரெபிள் பூஸ்டர் வைத்து எழுப்புகிற பாடும் குரலை வேறெந்த ஆம்ப்பிலும் நான் கேட்டதில்லை.

ஹைவாட், ஆரஞ்சு இரண்டும் நல்ல ஆம்ப்தான். சத்தம் எவ்வளவு கூடினாலும் கலங்காத ஹைவாட்டின் அருமை தெரிய பிங்க் ஃப்ளாய்டின் டேவிட் கில்மரைக் கேள். ஆனால் முதல் ஆம்ப்பாக அதை வாங்காதே. கரகரக்கவே யோசிக்கிற ஆம்ப்பை வைத்துக்கொண்டு நீ வீட்டில் என்ன செய்வாய்?

தேர்வு செய்வது எப்படி? உனக்கு உயிரான கிட்டார்காரர்கள் நாலைந்து பேரை எழுது. எதிரே அவர்கள் ஆம்ப்பை எழுது. ஒரு வீட்டுப் பெயர் திரும்பத் திரும்ப வரும். அந்த வீட்டுக்குப் போ. பட்டியல் குழம்பினால் மார்ஷல் பக்கம் சாய்ந்துகொள். கிளாசிக் ராக்குக்கு அது நடுவழி.

பழைய விளம்பரம் பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மார்ஷலில் 1959, 1960, 1962, 1987 என்பதெல்லாம் மாடல் எண்கள், வருஷம் அல்ல. 1959 என்பது 100 வாட்ஸ் ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப்), 1987 என்பது 50 வாட்ஸ் ஹெட், 1960 என்பது நாலு ஸ்பீக்கர் பெட்டி. "1959 மார்ஷல் சார், ஒரிஜினல்!" என்று யாராவது ஆண்டுபோலச் சொல்லி விலையை ஏற்றினால் சிரித்துவிட்டு வா. 1959ஆம் ஆண்டில் மார்ஷல் ஆம்ப்பே கிடையாது.

5. கெயினைக் குறை.

புதிதாக வாசிக்கிற பையன் கடையில் ஆம்ப் முன்னால் உட்கார்ந்ததும் கெயினை, அதாவது ப்ரீஆம்ப்பை முடுக்கும் குமிழை, பத்துக்குத் திருப்புகிறான். கூடவே நடு ஒலியைப் பூஜ்யத்துக்கு இறக்குகிறான். ஏசி/டிசி வாசிக்கிறேன் என்கிறான், வருவதோ குளவிக்கூட்டம். சுருதி விலகலும் தெரியாது, விரல் பிசகும் தெரியாது. அதனால் அவனுக்குச் சந்தோஷம். நான் போய்க் கெயினை நாலுக்கு இறக்கி, நடு ஒலியை ஏழுக்கு ஏற்றி, ஏ கார்டை மட்டும் ஒரு தட்டுத் தட்டச் சொல்வேன். முகம் மாறும். இப்போதுதான் தட்டில் கேட்ட சத்தம்.

ஆங்கஸ் யங், மால்கம் யங் சகோதரர்கள் நீ நினைப்பதை விட மிகக் குறைந்த கெயினில் வாசித்தவர்கள். அதிலும் மால்கமின் பக்கம் கிட்டத்தட்ட சுத்தமான சத்தம். கனத்த தந்திகளை ஓங்கி அடிப்பதில்தான் கனம். இரண்டு கிட்டார், குறைந்த கரகரப்பு, ஒரே நேரத்தில் விழுகிற கை. சேர்த்துக் கேட்டால் மலை மாதிரி நிற்கிறது.

சோதனை எளிது. ஒரு திறந்த கார்டை அடி. ஆறு தந்தியும் தனித்தனியாகக் காதில் விழுந்தால் கெயின் சரி. கூழானால் இறக்கு. அடுத்து கிட்டாரில் இருக்கிற வால்யூம் குமிழைப் பத்திலிருந்து ஆறுக்குக் கொண்டு வா. நல்ல ஆம்ப் என்றால் கரகரப்பு அடங்கிச் சுத்தமாகும், ஆனால் உயிர் போகாது. சத்தம் மட்டும் குறைந்து கரகரப்பு அப்படியே இருந்தால் அந்த ஆம்ப் இந்த இசைக்கு ஆகாது. கிட்டார் குமிழ் ஒன்றை வைத்தே பாட்டின் சரணம், பல்லவி, சோலோ மூன்றையும் ஓட்டிய தலைமுறை அது.

6. வால்வு இல்லையே என்று கூச்சப்படாதே.

வால்வுக்கு நான் பக்தன்தான். ஆனாலும் அடுக்குமாடியில் இரவு பத்து மணிக்குப் பழகுகிற பிள்ளைக்கு நான் வால்வு ஆம்ப் சொல்வதில்லை. பாஸ் கட்டானா, யமஹா டிஹெச்ஆர், ஃபெண்டர் மஸ்டாங் மாதிரி மாடலிங் வகை, பழைய ஆம்ப்புகளின் நடத்தையைக் கணக்காக்கி ஒலிக்கிறது. கட்டானா 50இல் அரை வாட்ஸ் நிலை உண்டு, ஹெட்ஃபோனும் மாட்டலாம். பவர் வால்வு திணறுகிற அந்த நெகிழ்வு முழுசாக வராது. முக்கால்வாசி வரும். பழகுவதற்கு அது தாராளம்.

டிரான்சிஸ்டர் என்றால் ராக் இல்லை என்பவர்களிடம் கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல் தட்டைப் போட்டுக் காட்டு. ஜான் ஃபோகர்ட்டி வாசித்தது கஸ்டம் கே200. பஸ் சீட் மாதிரி மெத்தை தைத்த டிரான்சிஸ்டர் ஆம்ப். தெற்கத்திச் சேற்றில் ஊறிய சத்தம் என்று நாம் கொண்டாடுவது அதிலிருந்து வந்ததுதான்.

மாடலிங்கில் ஒரே ஆபத்து, தேடிக்கொண்டே இருப்பது. அறுபது விதச் சத்தம் இருக்கிறதே என்று ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டிருந்தால் சாயங்காலம் போய்விடும், ஸ்கேல் ஒன்றும் வாசித்திருக்க மாட்டாய். கிரன்ச் வகை ஒன்று, சுத்தமான ஒன்று. இரண்டைச் சேமித்துக்கொண்டு மீதியை மற.

7. ஸ்பீக்கரைக் கவனி.

ஆம்ப் பற்றிப் பேசும்போது யாரும் இதைக் கேட்பதில்லை. கிட்டார் ஸ்பீக்கர் ஹைஃபை ஸ்பீக்கர் அல்ல. 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் அதன் குரல் சரசரவென்று இறங்கிவிடும். டிஸ்டார்ஷனின் எரிச்சலான நுனியை வெட்டி விடுவது அந்தச் சரிவுதான். அதனால்தான் அதே ஆம்ப்பை நேரே வீட்டு மியூசிக் சிஸ்டத்தில் செருகினால் ரம்பம் அறுக்கிற சத்தம் வருகிறது.

செலஸ்டியன் கிரீன்பேக் 25 வாட்ஸ் தாங்கும், 98 டெசிபல். அதே கம்பெனியின் விண்டேஜ் 30, பேர் அப்படி இருந்தாலும், 60 வாட்ஸ் தாங்கும், 100 டெசிபல். அந்த 2 டெசிபல் வித்தியாசம், வாட்ஸைக் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்காக்கியதற்குச் சமம். அறுபதுகளின் மார்ஷல் குரலுக்கு கிரீன்பேக். வசதி இருந்தால் 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்றாவது உள்ள பெட்டியாகப் பார். ஆம்ப் கொஞ்சம் மந்தமாகத் தோன்றினால் அதை விற்றுவிட்டு வேறு வாங்குவதை விட ஸ்பீக்கரை மாற்றிப் பார்ப்பது மலிவு.

ஓம் அளவு பொருந்த வேண்டும். ஆம்ப்பின் பின்னால் 8 ஓம் என்றிருந்தால் 8 ஓம் பெட்டி, 16 என்றால் 16. ஸ்பீக்கரே மாட்டாமல் வால்வு ஆம்ப்பை ஓட்டவே ஓட்டாதே. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். ஆம்ப்பில் விலை கூடிய உறுப்பு அதுதான்.

8. கடையில் உன் கிட்டாரைக் கொண்டு போய்ச் சோதி.

கடையில் தொங்குகிற விலை உயர்ந்த கிட்டாரில் வாசித்துவிட்டு ஆம்ப்பைப் பாராட்டாதே. கடைப்பையன் வாசித்துக் காட்டுவதையும் கணக்கில் சேர்க்காதே. அவன் கை அது. எல்லாக் குமிழையும் நடுவில் வைத்துத் தொடங்கு. எஃபெக்ட், ரிவெர்ப் எல்லாம் பூஜ்யம். உனக்குத் தூக்கத்திலும் வருகிற இரண்டு பாட்டை வாசி.

ஆம்ப்பைத் தரையில் வைத்துவிட்டு அதை ஒட்டி நின்றால் சத்தம் உன் முழங்காலுக்குத்தான் போகிறது. நாற்காலிமேல் ஏற்றி வை, அல்லது நாலடி தள்ளிக் கீழே உட்கார்ந்து கேள். இன்னும் நல்லது, நண்பனை வாசிக்கச் சொல்லிவிட்டு நீ எதிரே நில்.

சத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் கேள். மெல்லிய சத்தத்தில் மனிதக் காதுக்குத் தாழொலி சரியாக விழாது. ஃபிளெட்சர், மன்சன் இருவரும் 1933இலேயே அளந்து சொன்ன விஷயம். அதனால்தான் வீட்டில் பேஸைக் கூட்டி வைத்தால் இனிக்கிறது, அதே அமைப்பை ஒத்திகைக்குக் கொண்டு போனால் பேஸ் கிட்டாரோடு மோதி மண்ணாகிறது. குழுவில் வாசிக்கும்போது பேஸை இறக்கு, நடு ஒலியை ஏற்று. கிட்டாரின் வீடு நடு ஒலி.

9. மின்சாரத்தோடு விளையாடாதே.

அமெரிக்காவிலிருந்து அத்தை மகன் கொண்டு வந்த ஆம்ப் 120 வோல்ட்டுக்குச் செய்ததாக இருக்கும். நம் ஊர் சுவரில் இருப்பது 230. பின்பக்கத் தகட்டைப் படிக்காமல் செருகினால் அதோடு கதை முடிந்தது. தாங்கக்கூடிய வாட்ஸ் உள்ள ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி அதன் வழியே ஓட்டு. எர்த் இல்லாத பிளக் பாயின்ட்டில் வால்வு ஆம்ப்பைச் செருகாதே. "எர்த் பின்னை உடைச்சிட்டா ஹம் போயிடும்" என்று ஒத்திகை அறைகளில் யாராவது யோசனை சொல்வார்கள். ஹம் போகும். தந்தியைப் பிடித்துக்கொண்டே மைக்கில் உதடு படும்போது உன் உயிரும் போகலாம்.

பெட்டியைத் திறக்கவும் வேண்டாம். உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சர்களில் தங்கியிருக்கும். பழைய வால்வு ரேடியோ பார்த்த மெக்கானிக் யாராவது உங்கள் பக்கம் இன்னும் இருந்தால் அவரை விடாமல் பிடித்துக்கொள். எடி வான் ஹேலன் வேரியாக் வைத்து வோல்ட்டேஜை மாற்றினார் என்று கேள்விப்பட்டு யாரும் அதில் இறங்காதீர்கள். அவர் செய்தது வோல்ட்டேஜைக் குறைத்தது; கூட்டியது என்று ஒரு வதந்தி உலவுகிறது.

10. பழைய ஆம்ப் என்றால் அரைமணி நேரம் ஓடவிடு.

முதல் ஐந்து நிமிடத்தில் எல்லா ஆம்ப்பும் நல்ல ஆம்ப்தான். சூடேறிய பிறகு சத்தம் இறங்குகிறதா, ஹம் கூடுகிறதா, எரிகிற வாடை வருகிறதா என்று பார். பவர் வால்வின் உலோகத் தகடே சிவந்து கனன்றால் உடனே அணை. சின்ன வால்வுகளைப் பென்சில் நுனியால் மெல்லத் தட்டு. ஸ்பீக்கரில் கிணுங்கென்று மணியடித்தால் அந்த வால்வு மாற்ற வேண்டியது, பேரத்துக்கு ஆகும். ஃபியூஸைக் கழற்றிப் பார். அலுமினியக் காகிதம் சுற்றியிருந்தால் பேசாமல் எழுந்து வந்துவிடு.

11. ஒரே ஒரு பெடல்.

சின்ன ஆம்ப்பை முடுக்க ஒரு ஓவர்டிரைவ் அல்லது பூஸ்டர். பெடலில் கெயினைக் குறைத்து, வெளியேறும் அளவைக் கூட்டி, ஏற்கெனவே கரகரக்கத் தொடங்கிய ஆம்ப்புக்குள் விடு. இரண்டாவது பெடலைப் பற்றி அடுத்த வருஷம் பேசலாம்.

12. தூக்கிப் பார்த்துவிட்டுப் பணம் கொடு.

ஏசி30 காம்போ 30 கிலோவைத் தாண்டும். லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடியில் குடியிருந்துகொண்டு அதை ஒத்திகைக்கு எடுத்துப் போகிறவர்கள் இரண்டாவது மாதத்திலேயே ஒத்திகையைத் தட்டிக்கழிக்க ஆரம்பிப்பார்கள். ஆட்டோவின் பின்சீட்டில் வைத்து, ஒரு கையால் பிடித்துக்கொள்ள முடிகிற ஆம்ப்தான் வெளியே போய் வரும்.

பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டினால் வால்யூமில் கை வைக்காதே, முதலில் பேஸைக் குறை. சுவரையும் தளத்தையும் துளைத்துப் போவது தாழொலிதான். ஆம்ப்பைத் தரையிலிருந்து தூக்கி ஒரு ஸ்டூலின்மேல் வை, அடியில் பழைய ரப்பர் மேட்டை மடித்துப் போடு. அப்படியும் தட்டினால் அவருக்கு எந்தப் பாட்டுப் பிடிக்கும் என்று கேட்டுக்கொள்.